மெடல்காரம்மாவுக்கு ஜோடிப் பூ

எங்கள் மர்பி டவுன் தெருவில் அன்றைக்கு ரஷ்யாவைப் பார்த்திருந்த ஒரே குழந்தை நான்தான். டெல்லியைப் பார்த்தவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம். நானோ டெல்லியைத் தாண்டி, மாஸ்கோவையும் தாண்டி, அங்கிருந்து ரயில் பிடித்து வோல்கோகிராட் வரைக்கும் போய்விட்டு வந்தவள். ஐந்தாம் வகுப்பு முழுக்க எனக்கு இந்தப் பெருமையிலேயே ஓடியது. கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

அப்பா விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். அங்கே வந்து இறங்கிய ரஷ்ய இயந்திரங்கள் மேல் அவருக்குத் தீராத மரியாதை. ரஷ்யாக்காரன் செய்தது பார்க்க முரடாக இருக்கும், ஆனால் கைவிடாது என்பார். அந்த நம்பிக்கையில்தான் அக்காவை டாக்டருக்குப் படிக்க அங்கே அனுப்பினார். படிப்பு முடியப்போகிற நேரத்தில் அக்கா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அறுவை சிகிச்சையில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கிறேன் என்றாள். அம்மாவோ கோலாரில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, நாள் குறிக்கிற வரைக்கும் வந்திருந்தாள். போனில் மாறி மாறி அழுததுதான் மிச்சம். "நேர்ல போய் கையப் புடிச்சி இட்டுகினு வரேன்" என்று அம்மா கிளம்பிவிட்டாள்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. திருப்பதியைத் தாண்டிப் போகாத அம்மாவுக்குத் துணையாக நான் போனேன். பெட்டியில் முக்கால்வாசி முறுக்கும் எலுமிச்சை ஊறுகாயும் அக்காவின் நிச்சயதார்த்தப் பட்டுப்புடவையும்தான். மாஸ்கோவுக்கு வந்து எங்களை அழைத்துக்கொண்ட அக்கா, அந்தப் புடவையைப் பார்த்தும் பார்க்காதவள் போலப் பெட்டியை மூடினாள்.

அன்று சாயங்காலமே அக்கா படிக்கும் வோல்கோகிராடுக்கு ரயில். மறுநாள் அவர்களுக்கு வெற்றித் திருநாள். பெரிய யுத்தத்தில் ஜெயித்த நாள் என்பதால் நாடு முழுக்க விடுமுறை. எங்கள் பெட்டி நம் ஊர் ஸ்லீப்பர் மாதிரி திறந்த பெட்டிதான், ஆனால் மெத்தையும் வெள்ளை விரிப்பும் கொடுத்தார்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் இருந்தார். அவரிடம் அம்மா முதலில் தமிழில் வெந்நீர் கேட்டாள். அவர் விழித்தார். உடனே அம்மா, "ஸ்வல்ப பிசி நீரு கொடி" என்று கன்னடத்தில் கேட்டாள். கன்னட ஊரில் குடியிருக்கும் எங்கள் தெருத் தமிழர்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியவில்லையென்றால் கன்னடம் தெரிந்துதானே ஆகவேண்டும்? அக்கா சிரித்துக்கொண்டே ரஷ்ய மொழியில் கேட்டுவிட்டு, அந்த அம்மாளோடு நின்று பேசிச் சிரித்தாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் எதிர் இருக்கைக்கு ஒரு முதிய பெண்மணி வந்து சேர்ந்தார். அவருடைய கருநீலக் கோட்டின் இரண்டு பக்கமும் மெடல்கள். உட்கார்ந்தால் ஒரு சத்தம், எழுந்தால் ஒரு சத்தம். அம்மா அவருக்கு அந்த நிமிஷமே மெடல்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். அக்கா விசாரித்துச் சொன்னாள். அக்காவைவிடச் சின்ன வயதில் அவர் பட்டாளத்தில் சேர்ந்து, விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கியில் வேலை பார்த்தவராம். விமானம் செய்கிறவரின் பெண்டாட்டியான அம்மாவுக்கு இதில் கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் மரியாதை கூடியது.

பெட்டியிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவரை வணங்கி, பூங்கொத்து கொடுத்து, கன்னத்தில் முத்தமிட்டுப் போனார்கள். நாம் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பதா என்று அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஸ்டேஷனில் வாளி நிறையப் பூ விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்திருப்பதற்குள் அம்மா இறங்கிப்போய்ச் சிவப்புக் கார்னேஷன் வாங்கி வந்தாள். சரியாக இரண்டு. நம் வீடுகளில் வாழைப்பழமானாலும் வெற்றிலையானாலும் ஒற்றையாகக் கொடுக்கமாட்டோம் இல்லையா? அப்படி ஜோடியாகப் பிடித்து, குனிந்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மெடல்காரம்மா அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு, தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, அந்த இரண்டின் காம்பில் மட்டும் சுற்றி, மற்றப் பூங்கொத்துகளோடு சேர்க்காமல் தனியாக வைத்துக்கொண்டார்.

என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். ரொம்ப சந்தோஷமாம், ஜோடிப் பூ இங்கேயும் விசேஷமாம் என்றாள் அக்கா. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முறுக்கு டப்பாவைத் திறந்தாள். மெடல்காரம்மா எனக்கு அவித்த முட்டையும் உப்பும் கொடுத்தார். நான் முட்டை உரிப்பதில் மும்முரமானேன்.

அப்போதுதான் அம்மா, தான் எதற்கு வந்தாளோ அந்த விஷயத்தை எடுத்தாள். "கேளுடி அவங்கள. ஒரு பொண்ண இந்த ஊர்ல தனியா வுட்டுட்டுப் போலாமான்னு கேளு."

அக்கா தயங்கினாள். அப்புறம் கேட்டாள். மெடல்காரம்மா பதில் சொல்ல ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. ஜன்னலைக் காட்டினார், பூவைக் காட்டினார், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, அம்மாவின் கைக்குள் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தன் கைகளால் மூடினார். மெடல்கள் கலகலவென்று ஆடின.

"தாராளமா வுட்டுட்டுப் போலாமாம்மா" என்றாள் அக்கா. "பொண்ணு தைரியசாலி, நாங்க பாத்துக்கறோம்னு சொல்றாங்க."

அம்மா அக்காவைப் பார்த்தாள், மெடல்காரம்மாவைப் பார்த்தாள். தன் முழங்கையால் என்னை இடித்து, முட்டையைச் சிந்தாமல் சாப்பிடச் சொன்னாள்.

வோல்கோகிராடில் இறங்கும்போது ஸ்டேஷனிலேயே பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. ஊரே தெருவில் இருந்தது. மெடல் குத்திய கிழவர்களும் கிழவிகளும் பிளாட்பாரத்தில் ஜோடி சேர்ந்து ஆடினார்கள். எங்கள் மெடல்காரம்மா மற்றப் பூங்கொத்துகளையெல்லாம் எனக்கும் பெட்டிக்கார அம்மாளுக்கும் கொடுத்துவிட்டு, கைக்குட்டை சுற்றிய இரண்டு பூவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அம்மா கொடுத்த பூவுக்கு எவ்வளவு மதிப்பு பார் என்று நான் பூரித்துப்போனேன். வாள் ஏந்திய பெரிய சிலை நிற்கிற குன்றுக்குத்தான் போகிறார் என்று அக்கா சொன்னாள்.

அக்கா இல்லாமலேயே ஊர் திரும்பினோம். பட்டுப்புடவையும் எங்களோடு திரும்பியது. கோலார்க்காரர்களுக்கு அம்மாவே போன் பண்ணி, என் பெண் ஆபரேஷன் செய்யப் படிக்கிறாள், காத்திருக்க முடிந்தால் இருங்கள் என்றாள். அவர்கள் காத்திருக்கவில்லை. அப்பா கேட்டபோது, பட்டாளத்து அம்மாளே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன என்று அம்மா அடித்துப் பேசினாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் ரஷ்யாவிலும் ஜோடிப் பூதான் விசேஷம் என்று சொல்லுவாள். பக்கத்திலேயே நின்று நானும் ஆமாம் போடுவேன்.

அக்கா இப்போது எங்கள் ஊர் பிரேசர் டவுனில் பெயர் வாங்கிய சர்ஜன். போன வருஷம் அவளுடைய மகள் தூர தேசத்துக்குப் படிக்கக் கிளம்பினாள். அக்கா விடமாட்டேன் என்று ஒரே அழுகை. அழுகையோடு அழுகையாக அந்த ரயில் பேச்சையும் கொட்டிவிட்டாள். இரட்டைப் பூ அந்த ஊரில் செத்தவர்களுக்கு வைப்பதாம். மெடல்காரம்மா பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அவரைப் பெற்றவளும் இல்லை. எல்லோரும் எனக்குப் பூ கொடுத்தார்கள், இந்தப் பூ என் அம்மாவுக்கு, யுத்தத்தில் செத்தவர்களின் குன்றில் அவளுக்கு வைக்கிறேன் என்றுதான் அன்று சொன்னாராம். உன் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடு, நான் என் அம்மாவை விட்டுவிட்டுப் போனேன் என்று அழுதாராம். அக்காதான் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லியிருக்கிறாள்.

நான் வாயைப் பிளந்தேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்டி. பொண்ணு கையப் புடிச்சி ஆத்தா கைல வெச்சா, அது வுட்டுட்டுப் போன்னா அர்த்தம்?"

பின்னே ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று அக்கா கேட்டாள்.

"அந்த மாதிரி ஒரு மனுஷி கிட்ட, அவங்க பாஷையில, சரிக்குச் சரி உக்காந்து நீ பேசினு இருந்த. நம்ம தெருவுல அப்படி ஒரு பொண்ணு யாரு இருந்தா? கேட்டுகினே இருக்கணும் போல இருந்திச்சி. எப்படி இட்டுகினு வர்றது?"

அந்தப் பயணத்தில் நான் பார்க்காதது எதுவுமில்லை என்றுதான் ஐந்தாம் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கைகளுக்கு இந்தப் பக்கம், அம்மாவின் மடியை ஒட்டியே உட்கார்ந்திருந்தவள் நான். தன் கையில் வைத்துக் கொடுத்த மகளின் கையை அம்மா முதலில் விட்டதையும் நான்தான் பார்த்தேன். என் மடியில் சிந்திய முட்டையைத் தட்டிவிடத்தான் விட்டாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.