பெரிய வீட்டு முன்கூடத்தில் நான் ஆடிய ஆட்டம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. வயதாகிவிட்டதால் மறதியும் உண்டு, முன்பின் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய வீட்டம்மா இறந்ததற்கு, 'ஏழைப் பெண்களுக்கு நாட்டியம் தந்த தாய்' என்று பேப்பரில் போட்டிருந்ததை மகள் வாசித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் வயலெல்லாம் அந்த அம்மாவுடையது. மாதம் ஒரு கச்சேரி வைப்பார். மந்திரி வருவார், வெள்ளைக்காரர்கள் வருவார்கள். எங்கள் தெருவுக்குக் கொல்லை வாசல்தான். என் அம்மாவோடு அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளப் போவேன். அங்கிருந்து பார்த்தால், கூடத்தில் பட்டணத்துப் பெண்களுக்கு வாத்தியார் ஆட்டம் சொல்லிக்கொடுப்பது ஜன்னல் வழியாகத் தெரியும். அவர் கட்டை தட்டத் தட்ட, நான் சாணிக் காலோடு மிதித்துப் பார்ப்பேன். யாரும் சொல்லித்தராமலே காலுக்கு வந்துவிட்டது.

ஒருவர் இவ்வளவுதான் நிலம் வைத்திருக்கலாம், மிச்சம் உழுகிறவனுக்கு என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த நேரம். அப்பாவுக்கு வேறு பேச்சில்லை.

"வாய்க்காத் தலைப்புல இருக்குதே, அந்த மூணு மா நெலம் நமக்குத்தான்."

"முதல்ல வரட்டும். அப்புறம் தலைப்பா கடைசியான்னு பாக்கலாம்" என்று அம்மா சிரிப்பாள்.

நடவுக்காலத்தில் ஒரு நாள், பெரியவர்கள் வயலில் இருந்தபோது, பெரிய வீட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் வந்து, என்னோடு சேர்த்து எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் ஏழு பேரை அழைத்துப்போனார். அன்றைக்கு மட்டும் முன்வாசல். பட்டுப்பாவாடை, சலங்கை. பெரிய வீட்டம்மாவே என் தலையில் பூ வைத்தார். வைத்த கையைச் செம்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டதையும் பார்த்தேன்.

"நெலக் கணக்கு பாக்க வர்ற ஆபீசர் கேட்டா, ரெண்டு வருஷமா தினம் வர்றோம்னு சொல்லணும். வீட்ல மூச்சு விடக் கூடாது" என்றார் காரியக்காரர்.

நான் தினமும் வருகிறவள்தானே. பொய்யென்றே தோன்றவில்லை.

ஆபீசர் எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "நேத்துப் புடிச்சாந்த புள்ளைங்க மாதிரில்ல இருக்கு? ஒண்ணு ஆடட்டும், பாப்பம்."

ஆறு பேரும் தலை குனிந்தார்கள். நான் முன்னால் போனேன். வாத்தியார் தயங்கிக் கட்டையைத் தட்டினார். ஆடினேன். அவருக்கே கை ஒரு தட்டு தவறியது. ஆபீசர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார்.

கார் போனதும், "கழட்டுங்கடி, அழுக்காவுது" என்றார் காரியக்காரர். மறுநாள் கால் கழுவிக்கொண்டு முன்வாசலில் நின்றேன். "சாணி அள்ளாம இங்க என்னடி வேலை?" என்று கேட்டது பூ வைத்த அதே அம்மாதான்.

நாலைந்து நாள் கழித்து அப்பா வயலிலிருந்து வந்து அப்படியே உட்கார்ந்தார். "நெலமெல்லாம் நாட்டியப் பள்ளி டிரஸ்ட்டுக்காம். தருமத்துக்கு எழுதுன நெலத்தச் சட்டம் தொடாதாம். ஆபீசர் கண்ணால பாத்தாராம், ஒரு புள்ள அப்புடி ஆடிச்சாம். எவன் பெத்த புள்ளயோ."

"நான்தாம்பா" என்றேன், சந்தோஷமாக.

அப்பா என்னை அடிக்கவில்லை. எழுந்து வாய்க்கால் பக்கம் போய்விட்டார். சரியாக ஆடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கொட்டகையில் இன்னும் நன்றாகப் பழகினேன்.

படித்தவர்கள் யாராவது தாலுகா ஆபீசில் பார்த்துச் சொல்லுங்கள். அந்த நிலம் இன்னும் டிரஸ்ட் பேரில்தான் இருக்கிறதா, அந்தப் பள்ளியில் எங்கள் தெருப்பெண் ஒருத்தியாவது படித்தாளா என்று. மாணவிகள் பட்டியலில் என் பெயர் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.