பாதி வக்காலத்து

திருடன் சீட்டு கைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. எங்கள் லைனில் பாதிப் பேருக்கு இது கடைசி வரை மண்டையில் ஏறவில்லை. சீட்டைப் பார்த்ததும் ஒருத்தி தேவையில்லாமல் தண்ணீர் குடிப்பாள். இன்னொருத்தி சீட்டைக் கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொள்வாள், யாரோ பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி. இவர்களைப் பிடிக்க மூளையே வேண்டாம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. நான் தையல் லைனில் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். பத்து நிமிடத்தில் தின்று முடித்துவிட்டு, பத்துப் பேர் கேன்டீன் மூலையில் வட்டமாக உட்காருவோம். அட்டையில் வெட்டிய பத்துச் சீட்டு. ஒன்பது வெற்றுச் சீட்டு, ஒன்றில் மட்டும் ‘திருடன்’. கேன்டீன்காரம்மா சீட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடச் சொல்வார். திருடன் மட்டும் கண்ணைத் திறந்து ஒருத்தியைக் கைகாட்டுவாள், அவள் அவுட். பிறகு எல்லோரும் கண்ணைத் திறந்து, யார் திருடன் என்று சண்டை போட்டு, கை தூக்கி ஒருத்தியை வெளியே அனுப்புவோம். அவள் திருடனாக இருந்தால் ஊர் ஜெயித்தது. இல்லாவிட்டால் மறுபடியும் கண்ணை மூட வேண்டும். கடைசி இரண்டு பேர் மிஞ்சும்வரை மாட்டாமல் இருந்தால் திருடனுக்கு ஜெயம்.

நான் மாட்டுவதே அபூர்வம். வெற்றுச் சீட்டு வரும் நாளிலேயே நான் திருடன் மாதிரி உட்கார்ந்து பழகியிருந்தேன். அதே மாதிரி சீட்டைப் பார்ப்பேன், அதே அளவு பேசுவேன், அதே மாதிரி சிரிப்பேன். வாயாடியை முதலில் தூக்கக் கூடாது. அவள் எல்லோர் மேலும் பழி போட்டுக் குட்டையைக் குழப்பிக்கொண்டே இருப்பாள், அது கடைசி வரை நமக்கு உதவும். யார் மேலும் நாமே முதலில் விரல் நீட்டவும் கூடாது, முதலில் நீட்டியவளை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

இதெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளக் கூடியது. நான் கண்டுபிடித்தது வேறு. யாரை வெளியே அனுப்ப வேண்டுமோ அவளுக்காகப் பரிந்து பேச வேண்டும். ஆனால் பாதிதான். ‘சேச்சே, அவள் இல்லை’ என்று ஆரம்பித்து, கூடவே அவளைப் பற்றி ஒரு சின்ன உண்மையைச் சேர்த்துவிட வேண்டும். ‘கை நடுங்குகிறதே என்று பார்க்காதீர்கள், அவள் காலையில் சாப்பிடவில்லை.’ அதுவரை அந்தக் கையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதில் பொய்யே கிடையாது. பொய் சொன்னால்தானே குரல் மாறும்.

பக்கத்து மெஷின் அக்காவை இப்படியே எத்தனை முறை வெளியே அனுப்பியிருக்கிறேன் என்று கணக்கில்லை. என்னைவிட நாலு வருடம் சீனியர். திருடன் சீட்டு வந்தால் சிரித்தே காட்டிக்கொடுத்துவிடுவாள். வெளியே போகும்போதும் நான் அவளுக்காகப் பேசினேனே என்ற சந்தோஷத்தோடுதான் போவாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இவ்வளவு வெகுளியாக இருப்பதற்கும் ஓர் அளவு உண்டு.

அந்த வருடம் எங்கள் லைன் சூப்பர்வைசர் கல்யாணமாகிப் பெங்களூர் போகவிருந்தாள். அந்த இடம் அக்காவுக்கா எனக்கா என்று பேச்சு. மேனேஜருக்கு அக்காவைத்தான் பிடிக்கும். அவள் கேட்கக்கூட இல்லை. கேட்காமலே கிடைக்கப் போகிறதே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் வேலையில் ஊசி உடைந்தால் ஒரு சட்டம் உண்டு. உடைந்த துண்டெல்லாம் தேடிப் பொறுக்கி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். குழந்தை ஷூவுக்குள் ஊசி முனை போய்விட்டால் ஆர்டரே போய்விடும். அந்த மாதத்தில் எனக்கு ஏற்கெனவே இரண்டு உடைந்திருந்தது. மூன்றாவதற்கு மெமோ.

ஒரு நாள் சாயங்காலம் என் மெஷினில் நூல் சிக்கிக்கொண்டது. அக்கா பாத்ரூம் போயிருந்தாள். டார்கெட் முடிக்கும் அவசரத்தில் அவள் மெஷினில் உட்கார்ந்தேன். ஓரத்தில் மடிப்புத் தடிமனாக இருந்த இடத்தில் ஊசி பட்டென்று போய்விட்டது. அடித்துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. பக்கத்தில் அக்கா தைத்துக்கொண்டிருந்த ஷூக் கட்டு பிரிந்து கிடந்தது. ஓவர்கோட் காலருக்குள் ஒரு திருட்டு ஊசி எப்போதும் குத்தி வைத்திருப்பேன். அதை மாட்டிவிட்டு எழுந்துவிட்டேன். முனை தரையில்தான் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். சத்தியமாக அதுவரை நான் எதுவும் திட்டம் போடவில்லை.

மறுநாள் மெட்டல் டிடெக்டர் கத்தியது. சத்தம் வந்த கட்டைப் பிரித்தார்கள். லைனிங்குக்குள் முனை. கட்டின் டிக்கெட்டில், தைத்தவள் என்று, அக்காவின் நம்பர்.

மேனேஜர் எங்கள் வரிசையை ரூமுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தார். தனக்கு எதுவும் தெரியாது, ஊசி உடையவே இல்லை என்று அக்கா சொன்னாள். யாராவது பார்த்தீர்களா என்று எங்களைக் கேட்டார். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

“அக்கா அப்படி மறைக்கிறவங்க இல்ல சார். பாவம், மாமியாரை வேலூர்ல ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. நாலு நாளா தூக்கமே இல்லாம வந்து உக்கார்றாங்க. அவங்களுக்கே தெரியாம நடந்திருக்கும்.”

எல்லாம் உண்மை, கடைசி வரியைத் தவிர. தூங்கி வழிந்துகொண்டே தைத்தாயா என்று மேனேஜர் கேட்டார். அக்கா உடனே பதில் சொல்லவில்லை. யோசித்தாள். அந்தத் தயக்கத்தைக் கேன்டீனில் நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் தப்பியதில்லை. அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

வெட்கப்பட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கு வந்தது நிம்மதி. அதோடு, ஆட்டம் ஜெயித்தால் வரும் அதே சந்தோஷமும் வந்தது. அடுத்த மாதம் சூப்பர்வைசர் ஆனேன்.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, போன மாதம் வேலூரில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் அக்கா. முடி நரைத்திருந்தது. என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் நூல் பிசிறு வெட்டுகிறாளாம். பாதிச் சம்பளம். இவ்வளவு நல்ல தையல்காரி ஏன் பிசிறு வெட்ட வேண்டும் என்று கேட்டேன். மெஷினில் உட்காரவே பயமாக இருக்கிறது, இந்தக் கையை நம்ப முடியவில்லை என்றாள்.

பிறகு ஆட்டோவில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தாள்.

“அன்னிக்கு நீ சொன்னப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது. தூக்கக் கலக்கத்துல நான்தான் ஒடச்சிருக்கேன். புது ஊசி மாட்டுனதுகூட இப்ப லேசா ஞாபகம் வருது. நான் மறைக்கிறவ இல்லன்னு எனக்காகப் பொய் சொன்னியே, அந்தப் பாவம் உன்மேல வரக் கூடாதுன்னு தெனம் ஜெபம் பண்றேன். என்ன மன்னிச்சிடு.”

நான் இறங்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வுடுங்கக்கா, மன்னிச்சிட்டேன்” என்று சொல்லி அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன்.