நிற்கும்போது எரிந்த விளக்கு

எங்கள் பட்டறையில் அப்போது இருந்த ஸ்கேனரின் திரையில் ஒரு மூலை விரிசல் விட்டிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே அதன் வயரைச் செருகினால், எஞ்சினின் கோளாறு ஓர் எழுத்தும் சில எண்களுமாகத் திரையில் வரும். அந்தத் திரையை நினைத்தால் எனக்கு மிஸ்ஸியக்காவின் முகம்தான் வருகிறது. தாதிகளை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்போம். சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில் வேலை. வீடு ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில். தோட்டத்து லாரி ஓட்டிய கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். வேலையிடத்திலும் நோயாளிகள், வீட்டிலும் நோயாளி.

ஒரு நாள் வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்தார். எஞ்சின் விளக்கு எரிகிறது, வேறொரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றியும் திரும்ப எரிகிறது என்றார். "வெளக்க மட்டும் அணைச்சி விட்டுடு தம்பி. அதப் பாத்தாலே இன்னொரு வேலை காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு." அப்படி எத்தனையோ பேருக்கு நான் ஸ்கேனரில் கோளாறு எண்ணை மட்டும் அழித்துக் கொடுத்திருக்கிறேன். அவர் குரலில் இருந்த அலுப்புதான் என்னை அன்று அப்படிச் செய்ய விடவில்லை.

எஞ்சினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றது ஸ்கேனர். கோளாறு பதிவான நொடியில் வண்டி எப்படி இருந்தது என்பதையும் அது காட்டும். எஞ்சின் நல்ல சூட்டில் இருந்தது, வேகம் சுழியம். சென்சார் மாற்றிய பிறகு பதிவானதும் அப்படியே. எண்ணெயை, அதாவது ஆக்சிலரேட்டரை, மிதித்தால் கணக்கு சரியாகிவிடுகிறது, காலை எடுத்தால் கெட்டுப்போகிறது. எங்கிருந்தோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று புரிந்தது.

"அக்கா, காடிய ரொம்ப நேரம் எங்கயாச்சும் ஸ்டார்ட்டுலயே நிப்பாட்டி வைப்பீங்களா?" என்று கேட்டேன்.

கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னார்: "வீட்டு முன்னாலதான். ஏர்கோன் போட்டுட்டு ஒக்காந்திருப்பேன். உள்ள போனதும் துணி மாத்தணும், திருப்பிப் படுக்க வைக்கணும், ஊட்டணும். அவரு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாரு, தெரியும். ஆனா கால் எறங்க மாட்டேங்குதுலா தம்பி."

நான் தலையை எஞ்சினுக்குள் நுழைத்துக்கொண்டேன். பின்பக்கம், கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஒரு சின்ன ரப்பர் குழாய் சூட்டில் வெடித்திருந்தது. மாற்றினேன். எண்ணை அழித்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். விளக்கு வரவில்லை.

"இனிமே சும்மா நிப்பாட்டி ஒக்காந்திருந்தா வராதுல்ல?"

"வராதுக்கா."

"அப்ப சரி" என்றார். ரோட்டில் ஓடுமா என்று அவர் கேட்கவே இல்லை.

இப்போதெல்லாம் வாடிக்கையாளர்களே கைத்தொலைபேசியில் எண்ணைப் பார்த்துவிட்டு, இன்ன பாகத்தை மாற்று என்று வருகிறார்கள். வாதாட எனக்கும் தெம்பில்லை. முதுகு வலிக்கிறது, ஆனாலும் வண்டி எங்கே நிற்கும்போது விளக்கு வந்தது என்று மட்டும் கேட்டுவிடுகிறேன்.

போன மாதம் மிஸ்ஸியக்கா அதே காடியில் எஞ்சின் எண்ணெய் மாற்ற வந்தார். கணவர் இறந்து கொஞ்ச காலம் ஆகிறது. பணி ஓய்வும் பெற்றுவிட்டார். விளக்கு ஏதும் வருகிறதா என்று கேட்டேன்.

"எங்க வருது? இப்பல்லாம் காடிய நிப்பாட்டுனதும் எறங்கிடுறேன். உள்ளதான் யாரும் இல்லியே."

பட்டறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ரோட்டில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் மாற்றும் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. நான் உடனே போய்ச் சொல்லவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அவராக எழுந்து வரட்டும் என்று இருந்தேன்.