பி.ஏ. மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்?

சிங்கப்பூரில் இருந்த பல்கலைக்கழகத்தில் கோமளா பி.ஏ. முடித்து வந்தது 1950இல். மலாக்காவில் பெம்பானுக்கு அப்பால் இரட்டைப்பாலம் ரப்பர் தோட்டத்தில் அவள் அப்பா ராமையா பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. தோட்டக் கணக்கு முழுக்க அவர் கையில். மகள் கறுப்பு அங்கி போட்டு எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"பொம்பளப் புள்ளைக்கு இந்தப் படிப்புக்கு மாசம் எவ்ளோ கொடுப்பாங்க?"

ராமையா ஒரு தொகையைச் சொல்வார். அது ஆண் பட்டதாரி வாத்தியாருக்கான சம்பளம். கோமளாவுக்கு வந்தது அதில் ஐந்தில் நான்கு பங்குதான். மலாக்கா டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினாள். அதே பட்டம், அதே வகுப்பு, அதே சாக்குக் கட்டி. பெண் என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பது அன்றைய வழக்கம். முதல் சம்பளத்தை வாங்கிய அன்று கோபத்தில் மதியச் சோறுகூட இறங்கவில்லை. அடுத்த நாள் அந்தப் பணத்தில் தனக்கு ஒரு ரலி சைக்கிளும் அம்மா பாக்கியலட்சுமிக்கு ஒரு பட்டுச் சேலையும் வாங்கிவிட்டாள். அவள் சுபாவம் அப்படி. கோபமும் சீக்கிரம், சிரிப்பும் சீக்கிரம்.

திங்கள் முதல் வெள்ளி வரை டவுனில் ஆசிரியைகள் விடுதியில் இருப்பாள். சனிக்கிழமை காலை பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வருவாள். அது அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் கிராணி வீடுகளையும் சேர்த்து முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். மாலையானால் வாசல் பூட்டிவிடும். வேலியைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று சட்டம். காலையில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் பெண்களை வாசலில் நிறுத்தி, வாளியைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். டின் சாமான் வாங்கினால், பதுக்கி வைக்க முடியாதபடி கடையிலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள்.

கோமளாவுக்கு இருபத்தைந்து வயதானதும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் தங்கராஜு. அவளோடு ஒரே ஆண்டில் பட்டம் பெற்றவர். அரசாங்க அலுவலகத்தில் அதிகாரி. நல்ல சம்பளம், கார் வாங்கக் கடன், வேலைக்கு ஏற்ற வீடு. கெட்டிக்காரர், கலகலப்பானவர். காபியைக் குடித்துவிட்டு அவரே சொன்னார்:

"கல்யாணத்துக்கு அப்புறம் கோமளா வேல செய்யணும்னு அவசியமே இல்லீங்க. என் சம்பளமே தாராளமா போதும்."

பாக்கியலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. கோமளா கேட்டாள்: "உங்களுக்குப் போதும் தங்கராஜு. எனக்குப் பொழுது போக வேணாமா?"

தங்கராஜு பலமாகச் சிரித்தார். சம்பந்தம் அன்றோடு முடிந்தது, நட்பு முடியவில்லை. திரும்பும்போது வாசலில் நின்று அவளிடம் மட்டும் கேட்டார்: "பிச்சைமுத்துதானே?"

அவள் முகம் சொல்லிவிட்டது.

பிச்சைமுத்துவும் அதே ஆண்டுப் பட்டதாரி. மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். உபகாரச் சம்பளத்தில் படித்தவர். பொருளாதாரத்தில் அவர் வாங்கிய மதிப்பெண்ணுக்கு எந்த அலுவலகமும் கதவைத் திறந்திருக்கும். ஆனால் அவர் ஜாசினில் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராகப் போய்ச் சேர்ந்தார். ஒரு சீனர் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். சம்பளம் கோமளாவின் பள்ளிக்கூடக் குமாஸ்தாவுக்குக் கொடுப்பதைவிடக் கம்மி. சந்தா வசூலாகாத மாதங்களில் அதுவும் பாதிதான் வரும். தோட்டம் தோட்டமாகச் சுற்ற ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. மேட்டில் அதை அவர்தான் தள்ள வேண்டும்.

கோமளா வீட்டில் அவர் பெயரை எடுத்தபோது ராமையா பேப்பரை மடித்து வைத்தார்.

"வெட்டுக்காரர் மகன்னு நான் சொல்லல. நாலு பேர் சொல்வாங்க. அவங்க வாய அடைக்க அந்தப் பையனுக்கு ஒரு நல்ல வேல இருந்தா போதும். பி.ஏ. படிச்சிட்டு ஏம்மா இப்படி? கூடப் படிச்சவன்லாம் எங்க இருக்கான், இவன் எங்க இருக்கான்?"

"அவரு வேலதான்ப்பா எனக்குப் புடிச்சிருக்கு."

"வேல புடிக்கலாம். பாசார்ல அத வச்சு மீன் வாங்க முடியுமா?"

அப்பாவுக்கும் மகளுக்கும் இரண்டு மாதம் பேச்சு குறைந்தது. அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று கோமளாவாலும் சொல்ல முடியவில்லை. குடும்பத்தை யார் சம்பளத்தில் நடத்துவது என்ற கேள்வி அவள் மனதிலும் இருந்தது. பிச்சைமுத்துவிடமே ஒருநாள் நேராகக் கேட்டாள். அவர் காது வரை சிவந்து, "உங்க சம்பளத்துலதான் நடக்கும்னு நினைக்கிறேன். அத சொல்ல வெக்கமா இருக்கு, அதனாலதான் நானா வந்து கேக்கல" என்றார். இத்தனை வெளிப்படையாகப் பேசும் ஆணை அவள் அதுவரை பார்த்ததில்லை.

1953ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் ஒரு பால் டின் விவகாரம் நடந்தது.

இருசம்மாள் இரட்டைப்பாலம் தோட்டத்தில் மரம் வெட்டுபவள். கைக்குழந்தைக்காரி. தாய்ப்பால் போதவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டால் குழந்தை மூச்சு அடைக்கும்படி அழுகிறது என்று முதுகில் கட்டிக்கொண்டே வெட்டுக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமளா அந்தக் குழந்தையைத் தூக்கிப் பார்த்தாள். காற்றைத் தூக்குவதுபோல் இருந்தது. வீட்டுக்கு ரேஷனில் வாங்கியிருந்த பால் டின் ஒன்றை எடுத்து இருசம்மாளிடம் கொடுத்தாள். வீட்டில் வைத்துக் கரைத்துக் கொடுக்கத்தான் கொடுத்தாள். ஆனால் பசி வேலிக்கு உள்ளே மட்டுமா வரும்? இருசம்மாள் பாதி டின்னைத் துணியில் சுற்றி வாளிக்கு அடியில் வைத்தாள். வாசலில் பிடித்துவிட்டார்கள். குழந்தையோடு ஜாசின் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

இதெல்லாம் வார நடுவில் நடந்தது. சனிக்கிழமை கோமளா பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் பிச்சைமுத்து நின்றிருந்தார். முதல்முறையாக அந்த வீட்டுக்குள் வந்திருக்கிறார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சட்டை முழுக்கச் செம்மண் தூசி.

"ஐயா, திங்கக்கிழம கேஸ். காட்டுல இருக்கறவங்களுக்குக் கொண்டு போனாங்கன்னு எழுதியிருக்காங்க. நிரூபணமானா வருசக்கணக்குல ஜெயில். டின் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா அந்தம்மா வாயே தொறக்கல. அவங்க பேருக்கு இந்த வாரம் கடையில பால் வாங்கல, அதான் சந்தேகம். நீங்க வந்து, கைக்குழந்த இருக்கு, நல்ல வேலைக்காரின்னு ரெண்டு வார்த்த சொன்னா கோர்ட்டுல கேப்பாங்க."

ராமையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தொர தலையிடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு தம்பி. நான் போயி நின்னா நாளைக்கு என் மேலயே சந்தேகம் வரும். முப்பது வருசமா இந்தத் தோட்டத்துச் சோறுதான் சாப்பிடுறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார்: "இதுல உங்களுக்கு என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காதுங்க. அந்தம்மா சங்கத்துல சேரக்கூட இல்ல."

கோமளா பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றிருந்தாள். டின் எங்கிருந்து வந்தது என்று இருசம்மாள் ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம வீட்டு டின்தான்ப்பா அது. நான்தான் கொடுத்தேன்."

பாக்கியலட்சுமி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "வாய மூடு! கவுருமெண்டு சம்பளம் வாங்குறவ நீ. வேல போயிரும். போலீஸ்ல உன்னையும் புடிச்சு வச்சா என்னடி செய்றது?"

"அந்தக் கொழந்தைய இப்பவே புடிச்சு வச்சிருக்காங்கம்மா."

பிச்சைமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. "வேணாங்க. வேற வழி பாக்கலாம். உங்க பேரு வந்தா பெரிய சிக்கலாயிரும்" என்றார்.

"வேற வழி இருந்தா இங்க வந்து நிப்பீங்களா?" என்று கேட்டாள் கோமளா.

திங்கள் காலை கோமளா வெள்ளைச் சேலை கட்டி வெளியே வந்தபோது, ராமையா துரையைப் பார்க்கப் போகும்போது போடும் கோட்டைப் போட்டு வாசலில் நின்றிருந்தார்.

"தனியாவா போவ? வா லா, பஸ் வந்துரும்."

ஜாசின் கோர்ட்டில் கூட்டம் அதிகம் இல்லை. இருசம்மாள் குழந்தையை மார்போடு அணைத்தபடி நின்றாள். கோமளாவைப் பார்த்ததும் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிச்சைமுத்து ஏற்பாடு செய்திருந்த வக்கீல் கோமளாவைக் கூப்பிட்டார். அவள் ஏறி நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

தான் ஓர் ஆசிரியை என்றும், டின் தன் வீட்டு ரேஷன் என்றும், குழந்தைக்காகத் தானே கொடுத்ததாகவும் சொன்னாள். வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இதைச் சொல்வதால் வரக்கூடிய விளைவு தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். குழந்தையைக் கொஞ்சம் பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள். அவர் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அது அழத் தொடங்கி, கோர்ட்டே காதைப் பொத்தும்படி அழுதது.

அடுத்து யாரும் கூப்பிடாமலே ராமையா எழுந்தார். பெரிய கிராணி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பத்து வருடமாகத் தெரியும், காட்டுக்காரர்களோடு எந்தத் தொடர்பும் கிடையாது என்று சொன்னார். முழுவதும் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

வேலிக்கு வெளியே உணவு கொண்டுபோனது குற்றம்தான், ஆனால் காட்டுக்கு அல்ல என்று தீர்ப்பு வந்தது. ஒரு சிறிய அபராதத்தோடு இருசம்மாளை விட்டுவிட்டார்கள். கோமளாவுக்கு எச்சரிக்கை. வெளியே வந்ததும் இருசம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எதுக்கு டீச்சரம்மா வந்தீங்க? உங்க வேல போனா நான் என்னா பண்ணுவேன்?"

"ஒன் பேச்சு நீ பேசல, அதான் நான் பேசுனேன்" என்றாள் கோமளா. பிச்சைமுத்து எதிரே இருந்த கடையில் நாற்காலி போடச் சொல்லி அவளை உட்காரவைத்து ஐஸ் காபி வாங்கிக் கொடுத்தார்.

வேலை போகவில்லை. ஆனால் அந்த ஆண்டு அவளுக்குச் சம்பள உயர்வு கிடையாது என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே ஆண்களைவிடக் கம்மி, இப்போது கூட வேலை பார்த்த பெண்களைவிடவும் கம்மி. தங்கராஜு கேள்விப்பட்டு விடுதிக்கே காரில் வந்தார். "நம்ம செட்டுலயே பிச்சைமுத்துதான் கடைசின்னு நெனச்சேன். இப்ப நீயும் அவனப் புடிச்சிருவ போல" என்றார். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவரே தனக்குத் தெரிந்த பெரியவர்களைப் பார்த்து, அவள் பெயரில் வேறு கெடுதல் எதுவும் எழுதப்படாமல் பார்த்துக்கொண்டார். அதை அவள் வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தாள்.

துரை ராமையாவைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் திட்டினார், வேலையை விட்டு எடுக்கவில்லை. அவரில்லாமல் தோட்டக் கணக்கு யாருக்கும் புரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராமையா கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு மெர்லிமாவுக்குப் பஸ் ஏறினார். பெண் வீட்டார் தாமாகப் போய்க் கேட்பது வழக்கமில்லை. பிச்சைமுத்துவின் அப்பா சுப்பன் லயத்து வாசலில் கோடரியால் விறகு பிளந்துகொண்டிருந்தார். கிராணி வருவதைப் பார்த்ததும் பழக்கத்தில் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"அத தோள்ல போடுங்க சம்பந்தி" என்றார் ராமையா.

அந்த ஆண்டு செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதியில் அவசரகாலக் கட்டுப்பாடுகளை நீக்கினார்கள். டவுனில் பயமில்லாமல் ஜனங்கள் நடமாடினார்கள். தை மாதத்தில் டவுன் கோயிலில் கல்யாணம் நடந்தது. இரண்டு தோட்டத்து ஜனங்களும் லாரியில் வந்து இறங்கினார்கள். பந்தி மூன்று முறை நடந்தது.

சொன்னபடியே குடும்பம் கோமளாவின் சம்பளத்தில்தான் நடந்தது. முதல் குழந்தை பிறந்தபோது பிச்சைமுத்துவுக்கு மனம் பொறுக்காமல் ஒரு வியாபாரக் கம்பெனியில் சேர்ந்தார். சங்கத்தில் வாங்கியதைப்போல மூன்று மடங்கு சம்பளம். ஆறு மாதத்தில் ஆள் இளைத்துவிட்டார். சாப்பாட்டில் கையை வைத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். கோமளாதான் ஒருநாள் சொன்னாள்:

"போதுங்க. போயி உங்க மோட்டார் சைக்கிளத் தள்ளுங்க. நீங்க இப்படி உக்காந்திருக்கறத பாத்தா எனக்கே சாப்பாடு எறங்கல."

அவர் திரும்பிப் போனார். காலப்போக்கில் சிறுசிறு சங்கங்கள் ஒன்று சேர்ந்து பலப்பட்டன. சம்பளமும் ஒழுங்காக வரத் தொடங்கியது. என்றாலும் தங்கராஜுவின் பக்கத்தில் நிற்கும் அளவுக்கு வரவே இல்லை. அவசரகாலம் முடிந்த 1960இல் அவர்கள் புக்கிட் பெருவாங் பக்கம் ஒரு பலகை வீட்டில் இருந்தார்கள். சமசம்பளம் கேட்டுக் கையெழுத்து வாங்க ஆசிரியைகள் அந்த வீட்டுக்கு வருவார்கள். பிச்சைமுத்து குழந்தைகளைக் குளிப்பாட்டிக்கொண்டே, மேலிடத்துக்கு எப்படி எழுத வேண்டும் என்று குளியலறையிலிருந்து சத்தம் போட்டுச் சொல்வார். கோமளா எழுதுவாள். பிடிக்காத வாக்கியத்தை அடித்துவிட்டு, "இது ரொம்ப மரியாத. கொஞ்சம் காரமா சொல்லுங்க" என்று திருப்பிக் குரல் கொடுப்பாள்.