இடம் வலமாகிப்போன ஊர்

எட்டு மாதமாக ஒத்தீலியா தன் அப்பாவைச் சாம்பலாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு அல்லாடினாள். வஹாக்கா நகரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவள், நாற்பத்தேழு வயது, யாருக்கும் வாய் அடங்காதவள். அப்பா எலெயூத்தெரியோவிடம் மட்டும் அந்த வாய் செல்லுபடியாகவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டாலே மனிதர் எழுந்து போய்விடுவார். சாகும்போது சுவரைக் காட்டி, "என்னை அங்க கொண்டுபோய்ப் புதைச்சிரு புள்ள" என்றார். சுவரில் தொங்கியது அவரே செதுக்கி எடுத்த ஒரு அச்சுப்படம்: இரட்டை மலை, ஆறு, தேவாலயம், விதைக்கிற ஒருவன். சொத்தென்று அவர் விட்டுப்போனது அது ஒன்றுதான். ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டுச் செத்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

மலைக்குப் போகிற பேருந்து ஓட்டுநர்கள் அத்தனை பேரிடமும் காட்டினாள். "இப்படி ஒரு ஊரே கிடையாதும்மா" என்று உதட்டைப் பிதுக்கினார்கள்.

கடைசியில் அப்பா கூட்டிப் பெருக்கின அச்சுப்பட்டறைக்குப் போனாள். முதலாளியம்மா கந்தெலாரியா படத்தைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்த மடையன் வெட்டினது இது?"

"எங்கப்பா."

"கோவிச்சுக்காத. எவனாவது இடது கையால விதைப்பானா? கண்ணால பார்த்தபடியே தகட்டுல வெட்டியிருக்கான். அச்சுல இடம் வலமாயிரும்னு எங்க பட்டறைப் பூனைக்குக்கூடத் தெரியும்!"

கண்ணாடி ஒன்றை எதிரே பிடித்தாள். ஆறு அந்தப் பக்கம் போனது, தேவாலயம் இந்தப் பக்கம் வந்தது. ஒத்தீலியா அதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். உதட்டைப் பிதுக்கிய ஓட்டுநர்களில் ஒருவன், "அட, சாந்தா இனேஸ்! வாரம் ரெண்டு தடவை போறேனே!" என்றான். அவனை அறையலாம் போலிருந்தது அவளுக்கு.

சாந்தா இனேஸில் ஊர்த்தலைவர் ஃபிதென்சியோ அப்பாவின் பெயரைக் கேட்டதும் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். வாசலில் கூடியிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள்.

"பதினெட்டு வயசுல உங்கப்பனை ஊர்க்காவலுக்கு ஒரு வருஷம் போட்டாங்க. இங்க எல்லாரும் சம்பளமில்லாமப் பார்க்கிற வேலை. அவன் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான். அவன் இடத்துல எங்கண்ணன் எர்மிலோவை நிறுத்தினாங்க. குடிகாரச் சண்டையை விலக்கப் போன இடத்துல கத்திக்குத்துப்பட்டுச் செத்தான். ஊருக்கு உழைக்காதவனுக்கு இந்த மண்ணுல இடமில்ல. எடுத்துட்டுக் கிளம்பு."

அப்பா வாயைத் திறக்காதது இதனால்தானா! அவர்மேல் ஆத்திரமும் பரிதாபமும் சேர்ந்தே வந்தன. ஒத்தீலியா பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஒரு வருஷத்தை நான் பார்க்கிறேன் ஐயா."

"பொம்பளையா?" என்று எவனோ சிரித்தான்.

"ஆம்பளைங்க ஓடினதைத்தான் பார்த்தோமே!" என்றாள்.

கூட்டத்தில் அங்கங்கே சிரிப்புக் கேட்டது. ஃபிதென்சியோ சிரிக்கவில்லை. "வருஷம் முழுசும் முடியணும். ஒரு நாள் குறைஞ்சாலும் பெட்டி உள்ள போகாது" என்றார்.

ஆட்டோவை வாடகைக்கு விட்டுவிட்டு வந்தாள். தடியோடு காவல் கொட்டகையில் நின்றாள், திருவிழாவில் சண்டையை விலக்கினாள், தப்பி ஓடின கழுதையைப் பிடித்துக் கட்டினாள். பெட்டி அவள் பக்கத்து பெஞ்சிலேயே இருந்தது. ஊர்ப் பெண்கள் தோர்த்தியா என்கிற சோள ரொட்டியும் மொச்சைக் கூட்டும் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். ஃபிதென்சியோ மட்டும் அவள் பக்கம் திரும்பினதேயில்லை.

ஐந்தாவது மாதம் சந்தையில் ஒருவன் கத்தியை உருவினான். ஒத்தீலியா குறுக்கே பாய்ந்தாள். முழங்கை கிழிந்தது, அவன் கத்தியும் விழுந்தது. எதிர்ச் சாரியில் நின்ற ஃபிதென்சியோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

மறுநாள் காலை அவர் கொட்டகைக்கு வந்தார். கையில் தடி இல்லை, மண்வெட்டி இருந்தது. அதை பெஞ்சில் சாய்த்தார்.

"எங்கண்ணன் பக்கத்துல இடம் கிடக்கு. போய்த் தோண்டு."

"வருஷம் இன்னும் முடியலையே ஐயா."

ஃபிதென்சியோ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணனுக்கும் முடியல."