காப்பு நோட்டீஸ்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குச் சட்டம் எழுதியவன் நான். அப்போது வயது இருபத்து மூன்று. அந்தக் கோவிலுக்குள் அதுவரை மூன்று முறைதான் போயிருந்தேன். அதிலும் ஒரு முறை மழைக்கு ஒதுங்கியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் புதிதாகப் போகிற தம்பிமாருக்கு உதவுமென்று சொல்லிவைக்கிறேன்.

மலாயாவில் செர்டாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து நான் கொண்டுவந்த பெட்டியில் சட்டையைவிடச் சைவப் புத்தகங்கள் அதிகம். தோட்டத்துக் கோவிலோ ஒரு தகரக் கூரை, ஒரு கல், ஒரு சூலம். பூசாரி கருப்பண்ணன் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார், மாலையில் குளித்துவிட்டு மணியடிப்பார். இந்தச் சனங்களுக்கு ஓர் ஒழுங்குமுறை வேண்டுமென்று நான் தீர்மானித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

திருவிழாத் தொடக்கத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அதுதான் காப்பு. கட்டிவிட்டால் விழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டுவதில்லை. அந்த வழக்கத்தை நான் நோட்டீஸாக எழுதினேன்: "காப்பு கட்டிய நாள் முதல் பத்து நாள்வரை எவரும் வெளியேறலாகாது." பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைநாட்டு வைக்கிறவரிடம் என்ன கேட்பது?

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு ஏக மகிழ்ச்சி. திருவிழாச் சாக்கில் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடிப்போகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

"சாமியே நம்ம ஆளைப் பிடிச்சு வைக்குது! நல்லாருக்கு கிராணி!" என்று கையெழுத்துப் போட்டார். கேட்டில் காவல் நிற்கும் பஞ்சாபி ஜாகாவிடம் ஒரு பிரதி போயிற்று.

ஐந்தாம் நாள் காலை, பால் வெட்டும் முத்தையா ஆபீசுக்கு ஓடிவந்தான். அவன் மனைவி அஞ்சலைக்குத் தலைப்பிரசவம். முந்தின நாளிலிருந்தே வலி. மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள்.

"அவள ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போற மாட்டு வண்டி கேட்டுல நிக்குதுங்கய்யா. ஜாகா தா போலே, தா போலே, போகக் கூடாதுன்னு மறிக்கிறான். கிராணி சீட்டு வேணுமாம். ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா."

"துரையின்ர கையெழுத்து அது. நான் எப்படி மாத்திறது? துரை வரட்டும், பொறும்."

"அவ பொறுக்க மாட்டாய்யா!"

அப்போதுதான் அவன் கையைக் கவனித்தேன். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"எங்கே உம்முடைய காப்பு?"

"அவுத்தாச்சுங்கய்யா. பூசாரி வந்து..."

"அவிழ்த்துப் போட்டீரோ! தெய்வக் குற்றம் எண்டு தெரியாதோ?"

அதற்குமேல் அவனைப் பேசவிடவில்லை. விரதம், நியமம் என்று என் பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். நன்றாகவே பேசினேன் என்று நினைவு. அவன் படியில் குந்தி, கேட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

துரை வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. நீட்டிய சீட்டில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கையெழுத்துப் போட்டார். படிக்கவும் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் அதே சீட்டை நானே எழுதிக் கொடுத்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை.

வண்டி ஆஸ்பத்திரிவரை போகவில்லை. பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. மாடுகளுக்கு முன்னால் முத்தையா நடந்து வந்தான். அஞ்சலையோடு, பிறக்காத பிள்ளையும் போயிற்று.

சாவு விழுந்ததால் திருவிழா நின்றது. மறுநாள் கோவில் முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்க, கருப்பண்ணன் ஒவ்வொருவராகக் காப்பை அவிழ்த்தார். நானும் நின்றேன். முதல் ஆளாக வலியப் போய்க் கட்டிக்கொண்டவன் அல்லவா?

அதற்குப் பிறகு எத்தனையோ நோட்டீஸ் எழுதிவிட்டேன். சம்பந்தப்பட்டவனைக் கேட்காமல் ஒன்றும் எழுதியதில்லை. அவன் பேசும்போது குறுக்கே பேசியதுமில்லை. கற்றுக்கொண்டது அவ்வளவுதான். கற்றுக்கொண்ட விதத்தைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அன்று வரிசையில் என் முறை வந்தது. ஏதாவது ஆறுதல் கிடைக்கும் என்ற ஆசையில், "எல்லையைத் தாண்டினால் குற்றம்தானே, பூசாரியார்?" என்று கேட்டேன்.

அவர் சூலத்தைக் காட்டினார். அதில் இரண்டு மஞ்சள் கயிறுகள் தொங்கின.

"நோவுன்னா காப்ப அவுத்து அங்க கட்டிட்டுப் போவோம்யா, வந்து திரும்பக் கட்டிக்குவோம். எப்பவும் செய்றதுதான். அவங்க ரெண்டு பேருக்கும் ஆத்தா காலையிலயே உத்தரவு குடுத்துட்டா. கேட்டுல நிறுத்துனது உங்க நோட்டீஸுதான். கைய நீட்டுங்க, பின்னால ஆளு நிக்குது."