ஆற்றோர மலைக்கு ஆறு

வட்டகொடைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நாகலெட்சுமி வாயைத் திறந்தால், கங்காணி அழகன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு நிரைக்குப் போய்விடுவான். கொழுந்தில் கொப்புள நோய் வந்த வருடம் அவள் வாய் மூடவேயில்லை.

நோய் நூற்றுக்குப் பத்தைத் தொட்டால் எல்லா மலைக்கும் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய றாத்தலைக் குறைப்பதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். இரண்டு மருந்துகளைச் சோதிக்க வந்த யாழ்ப்பாணத்து ஆராய்ச்சி உத்தியோகத்தர் ஜெயரத்தினம் ஆறு மலைகளிலும் எண்ணச் சொன்னார். ஐந்து மலைகளில் நூறு கொழுந்துக்கு இரண்டு கொப்புளம். நாகலெட்சுமி கொழுந்தெடுக்கும் ஆற்றோர மலையில் ஐம்பது. கூட்டி வகுத்தால் பத்து.

ஆனால் றாத்தல் குறையவில்லை. துரையிடம் போன சராசரி ஆறு. றாத்தல் நிறையாததால் ஆற்றோரப் பெண்களுக்குத் தினமும் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்.

அவள் ஜெயரத்தினத்தை வழிமறித்தாள்.

"பத்து எப்புடிங்க ஐயா ஆறாச்சு?"

"எண்கள் எல்லாம் ஒரு பக்கமாய்ச் சரிஞ்சு கிடக்குதம்மா. அப்பிடியே வைச்சு மருந்துகளை ஒப்பிடேலாது. ஒவ்வொண்டையும் கோணமாய் மாத்திச் சராசரி எடுத்தனான், அப்ப அம்பதின்ர பாரம் குறையும். திருப்பி மாத்தினால் ஆறுதான் வரும்."

"கோணமாவா, கோணலாவா? எங்க மலையே சரிஞ்சுதான் கெடக்கு. அதையும் நிமுத்திட்டுப் போங்க."

"கணக்கில பிழையில்லை. மருந்துக்குப் போட்டது. றாத்தலுக்கு இல்லை."

"அத தொரைகிட்ட சொன்னீங்களா?"

அவர் கொப்பியை மூடிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஆற்றோர மலைக்குப் பேர் கூப்பிட்டபோது நாகலெட்சுமி கூடையைத் தரையில் வைத்தாள்.

"எல்லா மலையும் ஆறுதானே. இன்னைக்கு நாங்க மேமலைக்குப் போறோம். அங்க எடுக்கிற வேலாயி கூட்டம் ஆத்தோரம் போகட்டும்."

"அடி ஏய், நாங்க ஏண்டி அந்தச் சொறி மலைக்குப் போகணும்?" என்றாள் வேலாயி.

"கேட்டுக்குங்க கணக்கப்புள்ள ஐயா. அவளுக்குத் தெரியுது. ஒங்க தொரைக்குத் தெரியலையா?"

வேலாயி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளும் கூடையை இறக்கினாள். எந்தக் கூட்டமும் அசையவில்லை. வெயில் ஏறிய பிறகு துரை வந்தார். ஆற்றோர மலைக்கு மட்டும் றாத்தலைக் குறைத்தார்.

ஆனால் நாகலெட்சுமியை மட்டும் கொழுந்தெடுப்பிலிருந்து எடுத்துப் புல்வெட்டும் வேலைக்குப் போட்டார். அழகன்தான் புல் சுரண்டியோடு வந்து சொன்னான். சுரண்டியை அவன் காலடியில் வீசிவிட்டு, தொரையே வந்து சொல்லட்டும் என்றாள்.